உதவி தேவை: பூட்டனாரின் பாக்கெட் கடிகாரம் எங்கே செய்யப்பட்டது?

பாம்பன்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் தாத்தா வைத்திருந்த வெள்ளிக் கடிகாரம் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. அவர் பாம்பன் ரயில் பாலம் கட்டியபோது தோணியில் கல் ஏற்றிப் போனவர். 1914 பிப்ரவரியில் பாலம் திறந்த அன்று வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் புதிதாக வாங்கி அவருக்குப் பரிசளித்தார் என்பது வீட்டில் வழிவழியாகச் சொல்லும் கதை. பின்னாளில் குடும்பம் தனுஷ்கோடிக்குக் குடிபோனது. 1964 டிசம்பர் புயலில் வீடும் காகிதங்களும் போயின. கடிகாரம் அப்போது ராமநாதபுரத்தில் அடகில் இருந்ததால் தப்பியது.

முகப்பில் 'பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்' என்றிருக்கிறது. உள்மூடியில் பிரெஞ்சு எழுத்து. அப்படியானால் புதுச்சேரி வழியாக வந்ததா? பின்மூடியின் உட்புறம் 0.935 என்ற எண்ணும் ஏதோ மிருகங்களின் முத்திரையும் இருக்கின்றன. நாயா பன்றியா என்று தெரியவில்லை. சாவி கொடுத்தால் நாலைந்து நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது. எண்ணெய் விடலாமா?

பரமக்குடி கடிகாரக்கடை:
தம்பி, முதலில் சாவி கொடுப்பதை நிறுத்துங்கள். பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். உங்கள் ஊர் உப்புக்காற்றில் துருவும் ஏறியிருக்கலாம். அந்த நிலையில் ஓடவிட்டால் சக்கரங்களின் அச்சு முனைகள் தேயும். தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ ஒரு சொட்டுக்கூட வேண்டாம். ஹேர் ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள்வில்லில் எண்ணெய் பட்டால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கடிகாரம் தறிகெட்டு வேகமாக ஓடும். பிரித்துக் கழுவிச் சேர்ப்பது ஒன்றே வழி.

பி. ஆர் அண்ட் சன்ஸ் என்பது சென்னை மவுண்ட் ரோட்டில் மணிக்கூண்டோடு நிற்கிறதே, அந்தக் கடை. முகப்பில் இருப்பது பெரும்பாலும் விற்றவர் பெயர். அந்தக் காலத்தில் பெரிய கடைகள் வெளிநாட்டுக் கடிகாரங்களைத் தங்கள் பெயர் எழுதியே தருவித்தன. செய்தவரை அறிய இயந்திரத்தைத்தான் பார்க்க வேண்டும். உள்மூடியில் என்னென்ன சொற்கள்? முத்திரையை லென்ஸ் வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள்.

பாம்பன்காரன்:
ஐயா, படங்கள் போட்டிருக்கிறேன். 'ரெமொந்துவார்', 'ஆங்க்ர்', '15 ரூபி' என்று படிக்கிறேன். மிருகங்கள் மூன்று.

கீழக்கரை லாத்தா:
நான் பழைய வெள்ளிச் சாமான்கள் சேர்ப்பவள். அவை கரடிகள், தம்பி! மூன்று கரடியும் 0.935 என்ற எண்ணும் சேர்ந்து வந்தால் அது சுவிஸ் முத்திரை. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்றரைப் பங்கு வெள்ளி. 1887இல் பிரிட்டனில் வணிகக்குறிச் சட்டம் வந்த பிறகு, அந்தச் சந்தைக்குப் போகும் கடிகார உறைகளுக்காக, அதாவது இயந்திரத்தை மூடும் வெள்ளிக் கூடுகளுக்காக வைத்த முத்திரை. சாதாரணமாக சுவிஸ்காரர்கள் 0.875 வெள்ளிக்கு ஒரு கரடியும் 0.800 வெள்ளிக்கு ஒரு காட்டுக்கோழியும் குத்துவார்கள். ஆகவே உறை 1887க்கு முந்தியது அல்ல.

புதுச்சேரியைத் தேட வேண்டாம். சுவிட்சர்லாந்தில் கடிகாரத் தொழில் செழித்த ஜூரா மலைப்பகுதி பிரெஞ்சு பேசும் இடம். ரெமொந்துவார் என்றால் தனிச்சாவி இல்லாமல் தலைக்குமிழைத் திருகி முடுக்கும் வகை. ஆங்க்ர் என்பது லீவர் அமைப்பு, சக்கரங்களை அளவாக ஓடவிடும் பொறி. 15 ரூபி என்றால், அச்சு தேயாமலிருக்க உள்ளே பதித்த பதினைந்து கல்.

பரமக்குடி கடிகாரக்கடை:
லாத்தா சொன்னது சரி. நான் வேறொன்று பார்த்தேன். பின்மூடியின் உள்ளே ஊசியால் கீறிய இரண்டு வரிகள் தெரிகின்றன. '2417' என்பது அடகுக்கடை எண்ணாக இருக்கலாம். மற்றது '9-6-09', பக்கத்தில் ஒரு சுழி. பழுது பார்ப்பவர்கள் தேதியையும் தங்கள் அடையாளத்தையும் இப்படித்தான் கீறி வைப்பார்கள். என் அப்பாவும் கீறுவார். இது தேதிதான் என்றால் 1909இலேயே ஒருவர் இதைப் பழுது பார்த்திருக்கிறார். பாலத் திறப்புக்குப் புதிதாக வாங்கிய பொருள் என்பது பொருந்தவில்லை, தம்பி. கட்டிப் பழகிய கடிகாரத்தையே அந்த இன்ஜினியர் கழற்றிக் கொடுத்திருக்கலாம். அதை இரும்பும் வெள்ளியும் சொல்லாது. வீட்டுப் பெரியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

பாம்பன்காரன்:
அத்தையிடம் கேட்டேன். அவருக்கு எண்பத்திரண்டு வயது. 'புதுசு என்று தாத்தா ஒருநாளும் சொன்னதில்லை. துரை தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார் என்றுதான் சொல்வார். புதுசு என்று சேர்த்தது உன் அப்பா' என்றார். இரண்டு நாளாக அந்தக் கீறலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

செய்தவர் பெயரை அறிய இன்னும் வழி இருக்கிறதா, ஐயா?

பரமக்குடி கடிகாரக்கடை:
இருக்கிறது. சுவிஸ் ஆலைகள் பலவும் தங்கள் சின்னத்தை முகப்புத் தகட்டுக்கு அடியில், வெளியே தெரியாத இடத்தில் குத்தின. கழுவக் கொடுக்கும்போது முகப்பைக் கழற்றியதும் படம் எடுக்கச் சொல்லுங்கள். இயந்திரத்தின் எண்ணையும் உறையின் எண்ணையும் தனித்தனியாகக் குறித்து வாருங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால் உறை மாற்றியதோ என்று பயப்பட வேண்டியதில்லை. முகப்பு எனாமல் என்றால் விரலால் அழுத்த வேண்டாம், மயிர்போல மெல்லிய விரிசல் விழும்.

கீழக்கரை லாத்தா:
ஒன்று மறந்துவிட்டேன். மூடியைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். கீறல்களும் கரடிகளும் மழுங்கிப் போகும்.

பாம்பன்காரன்:
நல்ல வேளை சொன்னீர்கள், அக்கா. அத்தை நேற்றே விபூதியும் துணியுமாக உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்து வாங்கி வைத்தேன். திங்கட்கிழமை பரமக்குடிக்கு நேரில் கொண்டு வருகிறேன், ஐயா.