மெட்ராஸ் வெயில்ல ஆக்ஸலாட்டல்: வளர்க்கலாமா, கூடாதா?

புதுத்தொட்டி
போன வாரம் ரெண்டு ஆக்ஸலாட்டல் வாங்கினேன். தவளைக்குச் சொந்தம், வாலோட தண்ணியிலயே வாழுற சாலமாண்டர் வகை. ஒண்ணு வெள்ளை, ஒண்ணு கோல்டன். "மீன் மாதிரிதான் சார், ஒண்ணும் பண்ண வேணாம்"னார் கடைக்காரர். இன்னிக்கு மத்தியானம் தண்ணி 30 டிகிரி. வெள்ளையோட செவுள் முன்பக்கமா வளைஞ்சு நிக்குது, ஒரு இழையில பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கு. மூணு நாளா சாப்பிடல. ஃபேன் வச்சா போதுமா?

அண்ணாச்சி_தொட்டி
தம்பி, மொதல்ல ரெண்டையும் தனித்தனி டப்பால குளோரின் போன தண்ணியில விடு. பாட்டில்ல தண்ணிய உறைய வச்சு மிதக்க விட்டு மெதுவா சூட்டை இறக்கு. தண்ணிய தினம் மாத்து. அந்தப் பஞ்சு பூஞ்சை. கீழ கூழாங்கல் இருந்தா இன்னிக்கே எடு, முழுங்கிடும். ஃபேனா? நம்ம கடற்கரைப் புழுக்கத்துல ரெண்டு டிகிரி இறங்கினாலே பெருசு. இதுக்கு வேண்டியது 16-18, 24 தாண்டினாலே தவிக்கும். தண்ணியக் குளிர வைக்கிற சில்லர் மெஷின் விலை தொட்டி விலைய விட அதிகம். சென்னையில இத விக்கிறதே பாவம்ங்கிறது என் கட்சி.

குன்னூர்_குளிர்
அண்ணாச்சி, ஊரைச் சொல்லுங்க, வளர்க்கிறதையே பாவம்னு சொல்லாதீங்க. நான் நாலு வருஷமா இங்க முட்டை எடுக்கிறேன், ஏப்ரல்-மே தவிர சில்லரே போடுறதில்ல. இதோட சொந்த ஊரான, மெக்சிகோ சிட்டி பக்கம் இருக்கிற சோச்சிமில்கோ ஏரியில 1998-ல ஒரு சதுர கிலோமீட்டருக்கு 6,000 இருந்தது, 2014-ல 36. ஆனா 1864-ல பாரிஸ்ல துமெரில்ங்கிற விலங்கியல் ஆராய்ச்சியாளர் கைக்கு வந்த ஆறு ஆக்ஸலாட்டலோட வாரிசுங்க ஆய்வுக்கூடம் ஆய்வுக்கூடமா பெருகி நிக்குது. வளர்த்தவன் இல்லேன்னா என்ன மிஞ்சியிருக்கும்?

அண்ணாச்சி_தொட்டி
அந்த ஏரி நாசமானது கழிவுநீரால. கூடவே நல்லது பண்றோம்னு அரசாங்கமே விட்ட கெண்டை மீனும் ஜிலேபி மீனும். ஆமா, நம்ம ஏரியில கெடக்கிற அதே ஜிலேபிதான். அதுக்கு உன் தொட்டி எப்படிப்பா மருந்தாகும்? புதுத்தொட்டி வாங்கின கோல்டன் இருக்கே, அந்த அல்பினோ (கருநிறமி இல்லாத) குணமே 1962-ல டைகர் சாலமாண்டர்ங்கிற வேற இனத்தோட கலந்து வந்தது. கலப்பினத்தை ஏரியில கொண்டு விடுவியா?

குன்னூர்_குளிர்
நான் விடப்போறதில்ல. ஆனா தொட்டியில பொறந்தது வெளிய பிழைக்காதுன்னு சொல்ல முடியாது. அங்க பல்கலைக்கழகக்காரங்க 18 உருப்படிய ஈரநிலத்துல விட்டுப் பார்த்து 2025-ல எழுதினாங்க. கண்காணிச்ச காலம் முழுக்க உயிரோட இருந்தது, திரும்பப் பிடிச்சதுல எடையும் ஏறியிருந்தது. அப்புறம் ரெண்டைக் கொக்கு தின்னுச்சு, அது வேற விஷயம்.

அண்ணாச்சி_தொட்டி
அது வம்சம் பார்த்து வளர்த்த காலனி, கலர் பார்த்து வளர்த்தது இல்ல. லாவோஸ் நியூட் கதை தெரியுமா? அதுவும் ஒரு சாலமாண்டர் வகைதான். 2002-ல ஆராய்ச்சிக்காரங்க புது இனம்னு எழுதினாங்க. அந்தக் கட்டுரையையே வழிகாட்டியா வச்சு வியாபாரிங்க ஓடையில போய் அள்ளினாங்க. வாங்கினது யாரு? நம்மள மாதிரி தொட்டிக்காரன்தான்.

குன்னூர்_குளிர்
அதை ஒத்துக்கிறேன். அதனாலதான் காட்டுல பிடிச்சதைத் தொடாதே, வளர்ப்புல பொறந்ததை மட்டும் வாங்குன்னு கத்துறேன். அதுவும் சும்மா இல்ல. என் மொத ஈத்துல செடி இலையெல்லாம் ஜெல்லி முத்து மாதிரி 400 முட்டை. மூணாவது வாரம் பொரிஞ்சுது, அசையுற இரையைத்தான் கவ்வும். காலையில எழுந்து ஆர்ட்டீமியாங்கிற பொடி இறால் மாதிரி இரையைப் பொரிச்சு பிப்பெட்ல விட்டேன். ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு ரெண்டு நாள் கழிச்சு வந்து பார்த்தா பாதிக்குக் கால் இல்ல, ஒண்ணை ஒண்ணு கடிச்சுத் தின்னுருக்கு. கால் திரும்ப முளைக்கும், செத்தது வராது. கடைசில தேறினது 31.

அண்ணாச்சி_தொட்டி
400-ல 31. இத நீயே சொல்லிட்ட, நான் வேற எதுக்கு?

குன்னூர்_குளிர்
ஏரியில அந்த 31 கூடத் தேறாது அண்ணாச்சி! புதுத்தொட்டி, இன்னொண்ணு. இது சைட்டிஸ்ங்கிற சர்வதேச வனவிலங்கு வர்த்தக ஒப்பந்தத்தோட ரெண்டாம் பட்டியல்ல இருக்கு. 2024 விதிப்படி மத்திய அரசோட பரிவேஷ் இணையதளத்துல பதிவு பண்ணணும். உங்களால முடியலேன்னா நான் வாங்கிக்கிறேன், ஆனா காகிதம் இல்லாம கை மாத்த மாட்டேன். பில் இருக்கா?

புதுத்தொட்டி
தண்ணி இப்ப 21. கோல்டன் ஒரு துண்டு மண்புழு தின்னுடுச்சு, வெள்ளை இன்னும் இல்ல. பில் கேட்டு இப்பதான் கடைக்குப் போயிட்டு வந்தேன். துண்டுச் சீட்டுல "மீன் - 2"ன்னு எழுதிக் குடுத்தார்.