அம்மாவுக்கு மனச்சோர்வு மாத்திரை: ஊர் டாக்டரே எழுதலாமா?

திருவாரூர் கலா:
அம்மாவுக்கு 72. அப்பா போனதுலேர்ந்து சோறு இறங்கல. விடியக்காலம் மூணு மணிக்கே எழுந்து திண்ணையில உட்கார்ந்துடுவாங்க. கேட்டா "உடம்பெல்லாம் வலி"ம்பாங்க, மனசைப் பத்தி ஒரு வார்த்தை வராது. பக்கத்து டாக்டர் ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு எஸ்சிட்டாலோபிராம்ங்கிற மனச்சோர்வு மாத்திரை 10 மில்லிகிராம் எழுதிட்டார். ரத்தப் பரிசோதனை கிடையாது. வேற என்ன மாத்திரை போடுறாங்கன்னும் கேட்கல. பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு ஓடிட்டிருந்தது. பன்னிரண்டாம் நாள் என்னைப் பார்த்து "நீ யார் வீட்டுப் பொண்ணு?"ன்னாங்க. ரத்தத்துல சோடியம் 118, ரொம்பக் கம்மி. நாலு நாள் ஐசியூ. வயசானவங்களுக்கு இந்த மாத்திரையை மனநல மருத்துவர் மட்டும்தான் எழுதணும்.

கிராமத்து டாக்டர்:
படிக்கவே கஷ்டமா இருக்கும்மா. இந்த வகை மாத்திரை உடம்புல தண்ணியைத் தேக்கி சோடியத்தை இறக்கிவிடும். வயசான பெண்கள், கூடவே தயசைடு வகை பிரஷர் மாத்திரைன்னா அபாயம் இன்னும் அதிகம். பெரும்பாலும் மொத சில வாரத்துலயே தெரிஞ்சிடும். அவர் கேட்டிருக்கணும்.
ஆனா மனநல மருத்துவர் மட்டும்னா என்கிட்ட வர்ற பாட்டிங்க எங்க போவாங்க? ஜில்லா ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தா முந்தானையில முடிஞ்சு வெச்சுக்கிறாங்க, பஸ் ஏறுறதில்ல. கடைசியில கையில இருக்கிறது மருந்துக்கடை அல்பிரசோலம், பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் போடுற மாத்திரை. அது மனச்சோர்வைத் தீர்க்காது, ராத்திரி பாத்ரூம் போறப்ப ஆளைக் கீழே தள்ளும்.
2002ல அமெரிக்காவுல வயசானவங்க மனச்சோர்வு பத்தி இம்பாக்ட்னு ஒரு ஆய்வு. 60 தாண்டின 1,801 பேர், சாதாரண டாக்டர்களோட 18 கிளினிக். ஆய்வு முறையில சிகிச்சை எடுத்தவங்கள்ல ஒரு வருஷத்துல நூத்துக்கு 45 பேருக்கு நோய்க்குறி பாதிக்கு மேல குறைஞ்சது. வழக்கமான சிகிச்சையில 19 பேருக்குத்தான்.

மதுரை சேகர்:
டாக்டர், அந்தக் கணக்கை மாத்திரை பேர்ல எழுதாதீங்க. அங்க ஒரு நர்ஸோ உளவியலாளரோ ஒவ்வொருத்தரையும் விடாம கவனிச்சாங்க. மாத்திரையா, பேச்சு சிகிச்சையான்னு நோயாளியையே கேட்டாங்க. மேல ஒரு மனநல மருத்துவர் ஆலோசனை சொன்னார். அந்தக் கவனிப்பு இல்லாம வழக்கம்போல நடந்ததுதான் அந்த 19. கலா அம்மாவுக்குக் கிடைச்சதும் அதே 19 தான்.

கிராமத்து டாக்டர்:
ஒத்துக்கிறேன். ஆனா அதுலயும் மாத்திரை எழுதினது சாதாரண டாக்டர்தான். நான் செய்யறதைச் சொல்றேன்: தைராய்டு, சோடியம் பார்க்காம ஆரம்பிக்க மாட்டேன். 5 மில்லிகிராம்ல தொடங்கி 10 தாண்ட மாட்டேன். ஆஸ்பிரின் போடுறவங்கன்னா ரத்தக்கசிவு பயமும் உண்டு. ரெண்டாம் வாரம் மறுபடி சோடியம். வரலேன்னா போன் பண்ணுவேன்.

மதுரை சேகர்:
ஒரே நாள்ல நூறு பேரைப் பார்த்துட்டு எத்தனை பேருக்கு போன் பண்ணுவீங்க? கோவாவுல மானஸ் ஆய்வுல மனச்சோர்வு உள்ளவங்ககிட்ட பேசிக் கவனிக்க, பயிற்சி கொடுத்த உள்ளூர் ஆட்களை அரசு சுகாதார நிலையத்துல உட்கார வெச்சாங்க, பலன் தெரிஞ்சது. இங்க 2021லேர்ந்து மக்களைத் தேடி மருத்துவத்துல சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீடு தேடி மாத்திரை வருது. வர்றவங்க "தூங்கினீங்களா, சாப்பிட்டீங்களா பாட்டி?"ன்னு கேட்கக் கூடாதா? அந்த ஆள் இல்லாத இடத்துல மாத்திரையைத் தொடங்காதீங்க.

கிராமத்து டாக்டர்:
அந்த ஆள் வர்ற வரைக்கும் சாப்பிடாம கிடக்கிற கிழவியை நான் திருப்பி அனுப்ப முடியாது சேகர்.

திருவாரூர் கலா:
அம்மா தெளிஞ்சுட்டாங்க. ஆனா அந்த மூணு மணித் திண்ணை மாறல. பிரஷர் மாத்திரையை மாத்திட்டாங்க. மனநல மருத்துவர் மிர்டசபின்னு வேற மனச்சோர்வு மாத்திரை 7.5 மில்லிகிராம் எழுதியிருக்கார், பசியும் தூக்கமும் வரும், சோடியம் பயம் இதுல குறைவுன்னார். அட்டையைப் பிரிக்காம அலமாரியில வெச்சிருக்கேன். நாளைக்குக் காலையில சோடியம் பார்க்க ரத்தம் கொடுக்கப் போறோம்.