புதுப்பிப்பு: மலையில் இருந்துகொண்டே கீமோ, குளிரும் காய்ச்சலும்

ஊட்டி, கோத்தகிரியிலிருந்து கோவைக்குக் கீமோவுக்குப் போய்வருவது பற்றி முன்பு எழுதியதில் குளிர் விடுபட்டுவிட்டது. மலைக்காரர்களுக்கு அதுதான் முக்கியம்.

குடல் புற்றுநோய்க்கு ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றினால் முதல் 3-5 நாள் குளிர் ஆகாது. விடிகாலையில் சில்வர் டம்ளரைத் தொட்டாலே விரலில் ஷாக் அடித்தாற்போல் சுரீரென்கும். பச்சைத் தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகி மூச்சு அடைப்பதுபோல் இருக்கும். பதறாமல் வெதுவெதுப்பான தண்ணீரை மெல்லக் கொடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். உண்மையிலேயே மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ உடனே மருத்துவமனைதான். வெளியே வரும்போது கையுறை, வாயையும் மூக்கையும் மூடி மப்ளர். விரல் மரத்திருப்பதால் சூடு தெரியாது, வெந்நீரை வீட்டார் தொட்டுப் பார்த்தே ஊற்ற வேண்டும். எத்தனையாவது நாளில் சுரீர் நின்றது என்று நோட்டில் குறியுங்கள். குறைவதைக் கண்ணால் பார்ப்பது நோயாளிக்கும் பெரிய தெம்பு. அடுத்த சுற்றுவரை மரப்பு போகாவிட்டால் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள், தேவைப்பட்டால் மருந்தளவைக் குறைப்பார்கள்.

காய்ச்சல் வேறு விஷயம். கீமோ போட்ட 7 முதல் 14 நாளுக்குள் கிருமியை எதிர்க்கும் ரத்த வெள்ளையணு அடிமட்டத்துக்கு இறங்கும். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. டாக்டரைக் கேட்காமல் பாராசிட்டமாலும் வேண்டாம், அது காய்ச்சலை மறைத்துவிடும். ராத்திரியில் மலையிறங்கி நேரத்தை விடாமல், பக்கத்துப் பெரிய மருத்துவமனையிலேயே முதல் ஆன்டிபயாடிக் ஊசி போடச் சொல்லுங்கள். கீமோ ஃபைல் எப்போதும் வாசலருகே பையில் இருக்கட்டும்.