மணலுக்குள் போன நகைகள்: தேடிக் கொடுத்த அனுபவங்கள்

நகை தொலைத்த கதைகளைப் பலரும் இங்கே எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் படித்தேன். நான் தேடிக் கொடுக்கும் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

மெல்பர்னில் இருக்கிறேன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். கடற்கரையிலோ பூங்காவிலோ வீட்டுத் தோட்டத்திலோ நகையைத் தவறவிட்டவர்கள் கூப்பிட்டால், மெட்டல் டிடெக்டரை எடுத்துக்கொண்டு போய்த் தேடிக் கொடுப்பேன். காசு வாங்குவதில்லை.

மெஷினை வாங்கியது வேறு ஆசையில். இந்த விக்டோரியா மாநிலத்தில் 'மைனர்ஸ் ரைட்' என்று ஒரு உரிமம் உண்டு. ஒரு முறை எடுத்தால் 10 வருடத்துக்கு, அனுமதி உள்ள நிலங்களில் யாரும் தங்கம் தேடலாம். 1869-ல் மொலியாகுல் என்ற ஊரில் 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' என்ற மிகப் பெரிய தங்கக் கட்டி, தரையிலிருந்து சில சென்டிமீட்டர் ஆழத்தில்தான் கிடந்தது. அதைப் படித்துவிட்டு 2019-ல் மைன்லேப் ஈக்வினாக்ஸ் என்ற மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கினேன். எட்டு முறை போனேன். துருப்பிடித்த ஆணியும் ஈயக் குண்டும் வந்தன, குந்துமணித் தங்கம் கிடைக்கவில்லை. அப்புறம் அலுவலகத் தோழி ஒருவர், தோட்டத்தில் களை பிடுங்கும்போது கல்யாண மோதிரம் விழுந்துவிட்டது என்றார். பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை விரலில் போடாமல் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அதன் பிறகு நான் தங்கச் சுரங்கப் பக்கம் போகவே இல்லை.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது ஒரு தாலியைப் பற்றி.

ஒரு ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை. நாலரை மணி இருக்கும். தமிழ் வாட்ஸாப் குழு ஒன்றில் என் எண்ணை வாங்கி ஒரு பெண் கூப்பிட்டார். "அண்ணா, ஃபிராங்ஸ்டன் பீச்சுல இருக்கோம். அம்மாவோட தாலி கடல்ல போயிடுச்சு. ரெண்டு மணி நேரமா எல்லாரும் தண்ணிக்குள்ள தேடிட்டு இருக்கோம்." பின்னால் யாரோ அழும் சத்தம் கேட்டது.

"யாரும் மண்ணைக் கிளற வேண்டாம்மா. துண்டு, பை எல்லாம் எங்க இருக்கோ அங்கேயே இருக்கட்டும். எதையும் உதறாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். யார் கூப்பிட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். தங்கம் மணலைப் போல ஆறேழு மடங்கு கனம். பதற்றத்தில் பத்துப் பேர் கையை விட்டுத் துழாவினால், மேலாகக் கிடக்கும் நகை ஒவ்வொரு துழாவலுக்கும் ஒரு விரற்கடை கீழே இறங்கும்.

போய்ச் சேர முக்கால் மணி நேரம். அந்த அம்மாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது. மன்னார்குடிப் பக்கம் கிராமம், பேரனைப் பார்க்க வந்திருக்கிறார். நான் போனபோது கழுத்தில் ஒரு வெள்ளை நூல் இருந்தது. அதில் ஒரு மஞ்சள் கிழங்கு. மாப்பிள்ளை பக்கத்து இந்தியக் கடைக்கு ஓடிப்போய்க் கிழங்கு வாங்கி வந்திருக்கிறார், நூல் பலகாரப் பெட்டியில் கட்டி வந்தது. "கழுத்து வெறுமையா இருக்கக் கூடாது தம்பி. ஊர்ல அவங்ககிட்ட இன்னும் சொல்லலை" என்றார். அவர் அப்போது அழவில்லை. அழுதது மகள்தான்.

நான் மெஷினை வெளியே எடுக்கவில்லை. எல்லாருடைய போனையும் வாங்கி, அன்று எடுத்த படங்களை நேர வரிசையில் பார்த்தேன். 1.40-க்கு அம்மா பேரனோடு தண்ணீருக்குள் நிற்கிறார், தாலிச் செயின் உடைக்கு மேலே தெரிகிறது. 2.05-க்குக் கரையில் பேரனுக்குத் தலை துவட்டுகிறார். படத்தைப் பெரிதாக்கினால் கழுத்தோரம் செயின் மின்னுகிறது. 2.20-க்குத் தர்பூசணி சாப்பிடுகிறார், அதில் கழுத்து வெறுமையாக இருக்கிறது.

ஆக, கடலில் போகவில்லை. குளிக்கும்போதுதான் போயிருக்கும் என்று எல்லாரும் நம்பியதால் இரண்டு மணி நேரம் வேறு இடத்தில் தேடியிருக்கிறார்கள். நகை தொலைந்த பதற்றத்தில், எங்கே போயிருக்கும் என்ற முதல் நினைப்பு சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். அதை உடைக்கப் படம்தான் உதவுகிறது. படம் இல்லை என்றால், பொறுமையாகக் கேட்கும் நாலு கேள்வி. நான் தேடி எடுத்தவற்றில் பாதிக்கு மேல், சொந்தக்காரர் முதலில் கை காட்டிய இடத்தில் கிடைக்கவில்லை.

"2.05-க்கும் 2.20-க்கும் நடுவுல என்னம்மா செஞ்சீங்க?"

"ஈரத் துணியை மாத்தினேன். துண்டை உதறினேன்."

"எங்க நின்னு உதறினீங்க?"

"இங்க காத்து மூஞ்சில அடிச்சுது. அதனால அந்தப் பக்கம் போனேன்" என்று பத்தடி தள்ளிக் காட்டினார்.

இங்கே செயினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மெஷினின் அடியில் இருக்கும் தட்டு தரைக்குள் ஒரு காந்தப் புலத்தை அனுப்பும். கீழே உலோகம் இருந்தால் அதில் சின்ன மின்னோட்டம் சுழலும், அந்தச் சுழற்சியைத்தான் மெஷின் சத்தமாகவும் எண்ணாகவும் காட்டுகிறது. மோதிரம் மூடிய வளையம், மின்னோட்டம் சுற்றிவர வசதி, அதனால் நன்றாகக் கேட்கும். செயின் அப்படி இல்லை. ஏழு பவுன் செயினாக இருந்தாலும் மெஷினுக்கு அது நூற்றுக்கணக்கான குட்டி வளையங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக முணுமுணுக்கும். மெல்லிய செயின் காலடியிலேயே கிடந்தாலும் தாண்டிப் போய்விட முடியும். தாலிச் செயினில் நமக்கு இருக்கும் நல்ல வாய்ப்பு, தாலியும் குண்டுகளும்தான்.

அந்தத் தாலிக்கு மெஷின் என்ன எண் காட்டும் என்று தெரிந்துகொள்ள, அதே மாதிரித் தாலி வேண்டும். மகள் கழுத்தில் இருந்தது அதே ஆசாரி செய்த, அதே அளவுத் தாலி. கழற்றிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை, அதுவும் அந்த நேரத்தில். மகள் புரிந்துகொண்டு மணலில் மண்டியிட்டுக் குனிந்தார். தாலி மட்டும் மண்ணைத் தொட்டது. தட்டை மெதுவாகப் பக்கத்தில் கொண்டுபோனேன். 14 காட்டியது. செயின் பக்கம் வந்தபோது 3, 5 என்று கரகரத்தது.

14 ஒரு சோதனையான எண். குளிர்பான டப்பாவின் மூடி வளையமும் அந்தப் பக்கத்திலேயே வரும். தங்கத்தையும் அந்த அலுமினியத்தையும் எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது. அதனால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வருவதை எல்லாம் தோண்டித்தான் ஆக வேண்டும்.

குதிகாலால் மணலில் கோடு போட்டு, சுமார் எட்டு மீட்டருக்குப் பத்து மீட்டர் இடத்தை எடுத்துக்கொண்டேன். தட்டை இடமும் வலமுமாக வீசிக்கொண்டு, ஒரு வீச்சின் மேல் அடுத்த வீச்சு பாதி ஏறும்படி போனேன். அந்த அம்மா என் பின்னாலேயே நடந்து வந்தார். "நாத்து நடுற மாதிரி வரிசை பிடிச்சுப் போறீங்க தம்பி" என்றார். வயல் வேலை தெரிந்தவர் கண்ணுக்கு அது உடனே தெரிந்துவிட்டது. நான் வரிசை மாறிய இடத்தில் "இங்க ஒரு சால் விட்டுட்டீங்க" என்று காட்டினார். சரியாகத்தான் சொன்னார், அரை அடி விட்டிருந்தேன்.

மூடி வளையம், சாக்லேட் தாள், சோடா மூடி என்று இருபத்து மூன்று. இருபத்து நாலாவது, குழந்தைகள் தோண்டிய பள்ளத்தின் ஓரச் சரிவில். 14 வந்தது, கூடவே ஒரு பக்கம் கரகரப்பு. துளையிட்ட ஸ்கூப்பால் அள்ளி மெல்ல அசைத்தேன். மணல் இறங்க இறங்க முதலில் தாலியின் ஒரு முனை தெரிந்தது. கோடுகளுக்குள் மணல் அப்பியிருந்தது. செயின் சுருண்டு கிடந்தது. எஸ் கொக்கியின் ஒரு வாய் விரிந்து, அதில் துண்டின் நீல நூல் இரண்டு இழை மாட்டியிருந்தது.

ஸ்கூப்போடு நீட்டினேன். அவர் உடனே எடுக்கவில்லை. மகளிடம் தண்ணீர் பாட்டிலை வாங்கி, தாலியைக் கழுவி, கண்ணில் ஒற்றிக்கொண்டார். கொக்கி சரியில்லாததால் அந்த வெள்ளை நூலிலேயே மஞ்சளோடு சேர்த்துக் கோத்துக் கட்டினார்கள். பிறகு ஊருக்குப் போன் போட்டார். "சாப்பிட்டீங்களா? என்ன குழம்பு?" என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை.

கிடைக்காமல் போனதையும் சொல்ல வேண்டும். மார்டியாலக் கடற்கரையில் ஒரு மாணவி, பாட்டி கொடுத்த ஒற்றைக்கல் மூக்குத்தியைத் தவறவிட்டார். மூன்று மாலை தேடினேன். வைரத்தை மெஷின் அறியாது. அதைப் பிடித்திருக்கும் தங்கம் ஒரு கிராம்கூட இருக்காது, அதில் மூடிய வளையமும் இல்லை. ஈர மணலில் உப்பே மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அதன் இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். மணலைச் சல்லடையில் சலித்தும் பார்த்தோம். இல்லை. வாய்ப்பு குறைவு என்று முதல் நாளே நான் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். நம்பிக்கையோடு மூன்று நாள் வகுப்பைவிட்டு வந்து நின்றார். அது இன்னும் எனக்கு வருத்தம்தான். இப்போது மூக்குத்தி, தோட்டின் திருகாணி என்று யார் கூப்பிட்டாலும் போனிலேயே உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

போன முறை ஊருக்கு வந்தபோது திருச்செந்தூர் போனேன். கோயிலுக்கு முன்னால் கடலில் நீராடுகிறவர்கள் தவறவிடும் நகைகளைத் தேடி எடுப்பவர்கள் அங்கே உண்டு. மெஷின் கிடையாது. தண்ணீருக்குள் பார்க்க முகத்தில் மாட்டும் கண்ணாடியும் சல்லடையும்தான். ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "கனமான சாமான் சிப்பி ஒதுங்குற இடத்துலதான் ஒதுங்கும் அண்ணாச்சி. அலை எங்க போடுதுன்னு பார்த்தா போதும்" என்றார். மெல்பர்ன் வந்ததும் அதைத்தான் செய்தேன். தூண்டில் ஈயமும் பழைய காசும் எங்கே கூட்டமாகக் கிடக்கிறதோ, தண்ணீருக்குள் நாள்பட்டுத் தொலைந்த மோதிரத்தை அங்கேயே முதலில் தேடுகிறேன். ஒரே வருடத்தில் இரண்டு கிடைத்தன.

தமிழ்நாட்டில் இருக்கிறவர்கள் சிலர் மெஷின் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தொலைந்த நகையை அதன் சொந்தக்காரர் கூட நின்று தேடுவது வேறு, பழைய இடங்களில் தோண்டுவது வேறு. 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைக்கும் புதையல் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். கோயில், கோட்டை, பழைய மேடு பக்கம் மெஷினோடு போகவே போகாதீர்கள்.

இன்னொன்று. கண்டெடுத்த மோதிரத்தை ஒரு முறை படம் பிடித்து, "இது யாருடையது?" என்று உள்ளூர்க் குழுவில் போட்டேன். ஒரே இரவில் மூன்று பேர் என்னுடையது என்றார்கள். மூன்று பேருக்கும் அளவு தெரியவில்லை. அதிலிருந்து படம் போடுவதில்லை. ஏதாவது ஒரு அடையாளத்தை வெளியே சொல்லாமல் என்னோடு வைத்துக்கொள்கிறேன்.

அதனால்தான் இப்போது இங்கே இதைக் கேட்கிறேன். ஆல்டோனா கடற்கரையில் போன மார்ச்சில் ஒரு ஆண் மோதிரம் கிடைத்தது. மஞ்சள் தங்கம், கல் இல்லை. தேய்மானத்தைப் பார்த்தால் பல வருடம் விரலில் இருந்தது. உட்புறத்தில் தமிழ் எழுத்தில் ஒரு பெயரும் ஒரு தேதியும் பொறித்திருக்கிறது. போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டேன், ரசீது என்னிடம் இருக்கிறது. உங்களுடையதாகவோ உங்களுக்குத் தெரிந்தவருடையதாகவோ இருக்கலாம் என்று தோன்றினால் எனக்குத் தனியாக எழுதுங்கள். அந்தப் பெயரைச் சொன்னால் போதும், ரசீதோடு நானே கூட வருகிறேன்.