படத்தின் பின்பக்கத்தையும் அனுப்புங்கள்

அன்புள்ள பேட்டைச் சொந்தங்களுக்கு வணக்கம்.

வீட்டை விற்றுவிடுவது என்று முடிவானதும், பரணைக் காலி செய்கிற வேலை என் தலையில் விழுந்தது. மூன்று வாரமாகப் பழைய வண்ணாரப்பேட்டையில்தான் இருக்கிறேன். பித்தளை அண்டா, தொட்டில் கம்பி, கட்டுக்கட்டாகப் பழைய பஞ்சாங்கம், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தகரப் பெட்டி. திறந்தால் அது நிறையப் புகைப்படங்கள். நம் குழுவில் இரண்டு மாதமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் 'அபூர்வப் படங்கள்' பற்றி எழுதலாமா, வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தவன், இந்தப் பெட்டியைப் பார்த்த பிறகு எழுதியே விடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

முதலில் ஷார்ஜா தம்பி அனுப்பிய படம். 'ராயபுரம் ரயில் நிலையம், 1856, அரிய புகைப்படம்.' அதற்கு எத்தனை பேர் மெய்சிலிர்த்தீர்கள் என்று எண்ணிப் பார்த்தேன், பாதிக் குழு இருக்கிறது. தம்பி, அது புகைப்படமே இல்லை. பெரிதாக்கிப் பார், வானம் முழுக்கக் கோடு கோடாகத் தெரியும். ஓவியர் ஒருவர் வரைந்து, மரக்கட்டையில் செதுக்கி, லண்டன் படப் பத்திரிகைக்காக அச்சிட்டது. அந்தக் காலத்துப் பத்திரிகைகளுக்குப் புகைப்படத்தை அப்படியே அச்சில் ஏற்றத் தெரியாது. அத்தனை பேர் அசைந்துகொண்டிருக்கும் கூட்டத்தை அன்றைய காமிரா பிடித்திருந்தால் பாதிப் பேர் புகைமூட்டமாகத்தான் விழுந்திருப்பார்கள். இந்தப் படத்தில் குதிரையின் கால் கூடத் தெளிவாக இருக்கிறது. அதுவே போதாதா?

ஆனால் சங்கதி உண்மை. கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைக்க, 1856 ஜூலை 1 முதல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது. பம்பாயிலும் ஹவுராவிலும் அதற்கு முன்பே ரயில் ஓடிவிட்டது, ஆனால் அங்கே தொடக்கத்தில் கட்டிய நிலையங்கள் இன்று இல்லை. நம்முடையது நிற்கிறது. 2005இல் பழுது பார்த்துப் புதுப்பித்தார்கள். நேற்று போய்ப் பார்த்தேன். அந்த உருளைத் தூண்களின் நிழலில் ஆட்டோக்காரர் ஒருவர் உறங்கிக்கொண்டிருந்தார். இன்னொன்று சொல்ல வேண்டும். அதே 1856இல்தான் மதராஸில் புகைப்படச் சங்கமும் தொடங்கியது. லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரியை அரசுப் புகைப்படக்காரராக வைத்ததும் அந்த ஆண்டுதான். ஆனால் அவர் பெயர் நிலைத்தது மதுரை, தஞ்சைக் கோயில் படங்களால். வண்ணாரப்பேட்டையைப் படம் எடுக்கக் காமிராவைத் தூக்கிக்கொண்டு யாரும் வேண்டுமென்று வரவில்லை. நம் பக்கம் கிடைப்பதெல்லாம் கப்பலைப் பிடிக்கப் போனபோது, ஆலையைப் பிடிக்கப் போனபோது, ஓரத்தில் தற்செயலாக விழுந்தவை.

அடுத்து சிங்கப்பூர் அக்காவின் எம்டன் படம். முதல் உலகப் போரில் மதராஸைத் தாக்கிய ஜெர்மன் போர்க்கப்பல் அது. கரும்புகை வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறதே, அது அசல் படம்தான், ஐயமில்லை. 'குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது எடுத்தது' என்று அக்கா எழுதியதுதான் இடறுகிறது. எம்டன் வந்தது 1914 செப்டம்பர் 22 இரவு, ஒன்பதரை மணிக்கு மேல். அரை மணி நேரத்துக்குள் 130 குண்டுகள் வரை அடித்துவிட்டு விளக்கை அணைத்துக்கொண்டு போய்விட்டது. படத்திலோ பட்டப்பகல், ஆட்களின் நிழல் தரையில் விழுகிறது. துறைமுகத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றிக்கொண்டு விடிந்த பிறகும் எரிந்தன. அந்தப் புகையைத்தான் மறுநாள் எடுத்திருக்கிறார்கள்.

எங்கள் கொள்ளுப்பாட்டி அந்த இரவைப் பற்றிச் சொன்னதை அம்மா வழியாகக் கேட்டிருக்கிறேன். சத்தம் கேட்டதும் ஆலையில் கொதிகலன் வெடித்துவிட்டது என்றுதான் தெருவே நினைத்ததாம். விடிந்ததும் மாட்டு வண்டியில் பொன்னேரி உறவினர் வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறார்கள். அடுப்படியில் ஊறவைத்திருந்த உளுந்தைக் கூட ஒரு தூக்கில் அள்ளிக்கொண்டு போனதாகக் கதை. நகரத்தில் பாதிப் பேர் அப்படி ஓடினார்கள். கப்பல் தளபதி கார்ல் ஃபான் முல்லரின் பெயர் நமக்கு நினைவில்லை, ஆனால் சூரப்புலியாக வரும் பிள்ளையை 'சரியான எம்டன்' என்று இன்றும் சொல்கிறோம். என்னையும் சொல்லியிருக்கிறார்கள். பாராட்டு என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

படத்துக்கு ஆண்டு கண்டுபிடிக்க ஜோசியம் தேவையில்லை. படஅட்டைகள் நிறைய வருகின்றன, ஹிக்கின்பாதம்ஸ் வெளியிட்டவை, வீல் அண்ட் கிளைன் எடுத்தவை. அடியில் 'பிளாக் டவுன்' என்று இருந்தால் பெரும்பாலும் 1906க்கு முந்தியது. இளவரசர் ஜார்ஜ் வந்துபோன கையோடு அந்த ஆண்டில் ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். தெருவில் டிராம் வண்டி ஓடினால் 1895 மே முதல் 1953 ஏப்ரல் வரைக்குள். துறைமுகம் தெரிந்தால் அதன் வாயைப் பாருங்கள். முதலில் கட்டியபோது வாய் கிழக்கே பார்த்திருந்தது. அந்த வழியாக மணலும் அலையும் சேர்ந்து வந்ததால், பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற பொறியாளர் 1904க்குப் பிறகு அதை அடைத்து வடகிழக்கில் திறந்தார். கிழக்கு வாய் என்றால் பழைய படம். படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கண்ணாடித் தகட்டைத் திருப்பி வைத்துப் போட்டுவிடுவார்கள், கடைப் பலகையில் எழுத்து கண்ணாடியில் தெரிவது போல் விழும். பலகை இல்லாவிட்டால் முந்தானை எந்தத் தோளில் என்று பார்க்கலாம் என்று மஸ்கட் மைத்துனர் யோசனை சொன்னார். நல்ல யோசனைதான், ஆனால் சௌகார்பேட்டைப் படம் என்றால் ஏமாந்துவிடுவீர்கள். அங்கே குடியேறிய குஜராத்திகளுக்கு வலத்தோள் முந்தானைதான் வழக்கம்.

துறைமுகம் என்றதும் கடற்கரை நினைவுக்கு வருகிறது. ராயபுரம், காசிமேடு பக்கத்துப் பழைய படங்களில் கட்டுமரங்கள் ஏற்றி வைத்த அகலமான மணல் தெரிகிறது. அதைப் பார்த்துவிட்டு 'இது நம் ஊரே அல்ல, மெரினாவாக இருக்கும்' என்று ஒருவர் எழுதியிருந்தார். நம் ஊர்தான் ஐயா. நம் கரையோரம் கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1875இல் தொடங்கிய துறைமுகச் சுவர் அதன் குறுக்கே நின்றது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து இன்று காணும் மெரினா அகன்றது. வடக்கே வர வேண்டிய மணல் வராததால் அலை நம் கரையைத் தின்றது. காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை கருங்கல்லைக் கொட்டிக் கொட்டித்தான் மிச்சத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். மெரினாவில் காற்று வாங்குகிறவர்கள் நம் மணலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று என் மாமா சொல்வார். கணக்குப் பார்த்தால் அவர் சொன்னது அவ்வளவு தப்பில்லை.

ஒரு படத்தை மட்டும் மீண்டும் அனுப்பாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எலும்பும் தோலுமாக ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கும் படம், 'கஞ்சித்தொட்டி, 1877' என்று எழுதி வந்தது. அது தாதுவருஷப் பஞ்சத்தில் ஹூப்பர் என்ற படை அதிகாரி எடுத்த படங்களில் ஒன்று. ராஜதானி எங்கும் பஞ்சம் இருந்தது. இந்தப் படத்தில் கஞ்சித்தொட்டி என்று சொல்ல ஓர் அடையாளமும் இல்லை. நம் கஞ்சித்தொட்டிக்குத் தனி வரலாறு உண்டு. 1782இல், ஹைதர் அலி போரும் பஞ்சமும் சேர்ந்து வாட்டிய காலத்தில், மணியக்காரர் சத்திரமாகக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம் அது. அங்கே வளர்ந்த ஆஸ்பத்திரிதான் இன்றைய ஸ்டான்லி. நம்மில் பாதிப் பேர் பிறந்ததே அங்கேதான். ஊர்ப்பெருமைக்காக யாரோ ஒரு குடும்பத்தின் பசியை நம் தெருவில் கொண்டுவந்து ஒட்ட வேண்டாம்.

இனி என் பெட்டிக்கு வருகிறேன்.

தாத்தா பின்னி ஆலையில் வேலை பார்த்தவர். ஆலையைப் பற்றி அச்சில் வந்த படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் தறி தெரியும், புகைபோக்கி தெரியும், துரைமார் தெரிவார்கள், தொழிலாளி புள்ளியாகத் தெரிவார். பெட்டியில் இருப்பது வேறு மாதிரி. யாரோ ஒருவர் ஓய்வு பெறுகிற நாள். ஆலை மதிலுக்கு வெளியே இரண்டு பெஞ்சு போட்டுப் பதினான்கு பேர். நடுவில் மாலையோடு ஒருவர், இடமிருந்து மூன்றாவதாகத் தாத்தா, சட்டைப் பையில் பித்தளை வில்லை. எல்லோரும் தலையை ஒழுங்காக வாரியிருக்கிறார்கள், ஒருவர் காலில் மட்டும் செருப்பு இருக்கிறது. 1918 ஏப்ரல் 27இல் திரு.வி.க.வும் பி.பி. வாடியாவும் செல்வபதி செட்டியாரும் ராமாஞ்சலு நாயுடுவும் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியது இந்த ஆலைத் தொழிலாளிகளை வைத்துத்தான். 1996இல் ஆலையை மூடினார்கள். அதன் பிறகும் பல நாள் அம்மா, சங்கு ஊதும் நேரத்துக்குச் சரியாக உலை வைப்பாள். இந்தப் பதினான்கு பேரில் உங்கள் தாத்தாவும் இருக்கலாம். படத்தை இணைத்திருக்கிறேன். நிதானமாகப் பாருங்கள்.

ராபின்சன் பூங்காவில் நடந்த தி.மு.க. தொடக்கக் கூட்டத்தின் படம் யாரிடமாவது இருக்கிறதா என்று ஒருவர் கேட்டிருந்தார். 1949 செப்டம்பர் 18, கொட்டும் மழை. என்னிடம் இல்லை. அன்று அங்கே நனைந்தபடி நின்றதாகச் சொல்லும் தாத்தாக்களை எல்லாம் கூட்டினால் பூங்கா தாங்காது. ஆனால் ஒருவர் வீட்டிலாவது இருக்கத்தான் வேண்டும்.

பெட்டியில் என்னை உட்காரவைத்த படம் இன்னொன்று. அம்மாவுக்கு ஆறு வயதிருக்கும், ஸ்டூடியோவில் பாட்டியோடு நிற்கிறாள். பின்னால் திரையில் வரைந்த அரண்மனை மாடிப்படி, இரு பக்கமும் அன்னப்பறவை தாங்கிய தூண். திரையை மடித்து மடித்து வைத்ததில் மூன்றாம் படியில் ஒரு விரிசல். இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. கடைசியில் சிட்னி மாமா ஐந்து ஆண்டுகளுக்கு முன் தன் பெற்றோர் திருமணப் படம் என்று குழுவில் போட்டதைத் தேடி எடுத்தேன். அதே படி, அதே அன்னம், மூன்றாம் படியில் அதே விரிசல்! அவர்கள் கல்மண்டபத்துக்காரர்கள், நாங்கள் இந்தக் கோடி. இரண்டு வீட்டாரும் அறிமுகமே இல்லாமல் ஒரே திரைக்கு முன் நின்றிருக்கிறார்கள். அது எந்த ஸ்டூடியோ? மாமாவின் படத்தில் சட்டம் போட்டவர் ஓரத்தை நறுக்கிவிட்டார்.

என் படத்தில் ஓரம் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன் வரை இருந்தது. தங்கசாலைப் பக்கம் ஒரு கடையில் ஸ்கேன் செய்யக் கொடுத்தேன். வாங்கப் போனபோது கடைப் பையன் மகிழ்ச்சியோடு, "ஓரமெல்லாம் பூஞ்சை பிடித்திருந்தது சார், நீட்டாக வெட்டிவிட்டேன்" என்றான். அந்த ஓரத்தில்தான் மையில்லாமல் அழுத்திய முத்திரை இருந்தது. தடவினால் தெரியும், பார்த்தால் தெரியாது. கொடுப்பதற்கு முன் நான் தடவிப் பார்த்து எழுதிக்கொள்ளவில்லை. அவனைத் திட்டி என்ன பயன்? குப்பைக் கூடையைக் கவிழ்த்துத் தேடினோம், மாநகராட்சி வண்டி காலையிலேயே வந்து போயிருந்தது.

மிஞ்சியது பின்பக்கம். தாத்தாவின் பென்சில் எழுத்து: 'பாக்கி 1 ரூ. 4 அணா. வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறது.' அணாக் கணக்கு என்பதால், நயா பைசா வந்த 1957க்கு முந்தியதாக இருக்கும். அம்மாவின் வயதும் அதற்கு ஒத்துவருகிறது. பாக்கியைக் கொடுத்தாரா என்பது மட்டும் பின்பக்கத்தில் இல்லை.

ஆகையால் என் வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஸ்டேஷன், துறைமுகம் என்று இணையத்தில் தேடிக்கொண்டிருக்காமல் அவரவர் பரணில் ஏறுங்கள். திருமணம், காதுகுத்து, புதுச் சைக்கிள், எதுவானாலும் சரி. முகத்தை மட்டும் பெரிதாக்கி வெட்டி அனுப்பாதீர்கள், பின்னால் நிற்கும் சுவரும் கம்பமும் பலகையும்தான் எனக்கு வேண்டும். சட்டத்திலிருந்து எடுக்க முடிந்தால் எடுத்து, பின்பக்கத்தையும் தனியாகப் படம் பிடித்து அனுப்புங்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் பிய்க்காதீர்கள், அப்படியே இருக்கட்டும். வீட்டில் எண்பது வயதுக்காரர் இருந்தால் அவரிடம் காட்டிக் கேட்டு, அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதுங்கள். கடையில் கொடுப்பதற்கு முன் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள்.

மாத இறுதி வரை இங்கே இருப்பேன். அதற்குப் பிறகு சாவி வேறொருவர் கைக்குப் போய்விடும். அதற்குள் அந்த மாடிப்படியைத் தேடுங்கள். இரண்டு பக்கமும் அன்னம், மூன்றாம் படியில் விரிசல். வெட்டாத ஓரத்தோடு யார் வீட்டிலாவது இருந்தால், முத்திரையின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் லேசாகத் தேய்த்து எழுத்தை எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வண்ணாரப்பேட்டைத் தம்பி