மூக்குப் பக்கம் 35 பாகை திருப்பியும் பார்வை நரம்பு இழுபடவே இல்லை

கண்ணசைவு பார்வை நரம்பை எப்படி இழுக்கிறது என்று ஃபெபியோ (FEBio) என்ற உயிர் இயந்திரவியல் மென்பொருளில் ஒரு கணினி மாதிரி செய்கிறேன். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

கண் மூக்குப் பக்கம் சுமார் 26 பாகையைத் தாண்டினால் நரம்பின் தளர்வு தீர்ந்து, அதைச் சுற்றியுள்ள உறை கண்கோளத்தைப் பின்னிழுக்கும் என்பது எம்ஆர்ஐயில் பார்த்த விஷயம். என் மாதிரியில் 35 பாகையிலும் நரம்பு தளர்ந்த கயிறு மாதிரி எஸ் வடிவில் தொங்குகிறது. நரம்புத் தலையின் (நரம்பு கண்கோளத்தோடு சேரும் இடம்) ஓரத்தில் தகைவு ஏறக்குறைய சுழி. கண் அழுத்த நோயில் நரம்பு சேதமாவதற்கு இந்த இழுவையும் காரணமா என்பதே என் ஆய்வு. அதனால் இதைத் தாண்டாமல் முடியாது.

கண்கோள அச்சு நீளம் 24 மி.மீ., கோளத்திலிருந்து, நரம்பு கண்குழியை விட்டு வெளியேறும் எலும்புத் துளை வரை நேர்கோட்டில் 18 மி.மீ., நரம்பு 25 மி.மீ. சுழற்சி மையத்தை அசையாமல் வைத்திருக்கிறேன்.

உறையின் விறைப்பைப் பத்து மடங்கு கூட்டினேன், மாதிரியின் கணக்கீட்டு வலையை நுணுக்கினேன், அப்புறம் சுற்றியுள்ள கொழுப்பையே எடுத்துப் பார்த்தேன். பலனில்லை. நரம்பு ஒட்டும் இடம் பின்முனைக்கு மூக்குப் பக்கம் 3 மி.மீ. தள்ளித்தான் இருக்கிறது, அதையும் சரிபார்த்துவிட்டேன்.

நூலில் உள்ள 25 மி.மீ.யை விட்டுவிட்டு, நேர்பார்வை எம்ஆர்ஐயில் தெரியும் வளைந்த பாதையை அளந்து அதையே தொடக்க நீளமாக எடுக்க வேண்டுமா?