உயிரோடு இருக்கும் கிடாவுக்குக் கறி எவ்வளவு என்று ஸ்கேனில் பார்க்க முடியுமா?

வாடிப்பட்டி ஆட்டுப்பட்டி:
வணக்கம். கச்சைகட்டி கருப்புச் செம்மறி வளர்க்கிறேன். பொலிகிடாவாக (இனப்பெருக்கத்துக்கு) விட இரண்டு குட்டிகளை ஒதுக்கியிருக்கிறேன். வயதும் எடையும் ஏறக்குறைய ஒன்றுதான். திருமங்கலம் சந்தையில் வியாபாரிகள் முதுகைப் பிடித்துப் பார்த்தே கறியைச் சொல்கிறார்கள், ஆனால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சினை பார்க்கிற ஸ்கேன் மெஷினில் எதற்குச் சதை அதிகம் என்று தெரியுமா? அறுத்துத்தான் தெரியவேண்டும் என்றால் அப்புறம் பொலிக்கு எதை விடுவது?

மேலூர் கால்நடை மருத்துவர்:
தெரியும், அவசியம் பாருங்கள். 12, 13-ஆம் விலா எலும்புகளுக்கு நடுவே, முதுகெலும்பை ஒட்டி முடியை மழித்து, ஜெல் தடவி புரோபை (உடம்பின் மேல் வைக்கிற ஸ்கேன் மெஷினின் கைக்கருவி) வைத்தால் தோல், கொழுப்பு, முதுகுச் சதை மூன்றும் திரையில் அடுக்கடுக்காக வரும். சதையின் ஆழத்தையும் கொழுப்பின் கனத்தையும் மில்லிமீட்டரில் அளக்கலாம். வயிற்றில் வைக்கிற வளைந்த புரோபை விட முனை நேராக இருக்கிற லீனியர் புரோப் இதற்கு நல்லது. உங்கள் டாக்டரிடம் அது இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அழுத்திப் பிடித்தால் கொழுப்பு நசுங்கி, அளவு குறைவாகக் காட்டும். இரண்டு கிடாவையும் ஒரே நாளில், ஒரே ஆள், நேராக நிற்க வைத்துப் பார்க்க வேண்டும். அன்றைக்கே எடையும் போட்டுவிடுங்கள்.

பிரிட்டனில் செம்மறிக் கிடாக்களை இப்படி அல்ட்ராசவுண்டில் வடிகட்டி, தேறியவற்றை மட்டும் மயக்க மருந்து கொடுத்து சி.டி. ஸ்கேனில் வைக்கிறார்கள். கறி, கொழுப்பு, எலும்பு தனித்தனியாகக் கணக்கு வந்துவிடும். நார்வேயில் பன்றிக்கும் இது உண்டு. உங்களுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. சதை ஆழம் பரம்பரையாக இறங்குகிற குணம், அதனால் கிடாவைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு அளவே பெரிய உதவி.

நெல்பேட்டை கறிக்கடை:
தம்பி, டாக்டர் சொன்ன ஆழம் சரி. கறி பஞ்சு மாதிரி வேகுமா, முரடாக நிற்குமா என்பதை அந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு வயது பார்க்கணும், பல்லைப் பிடித்துப் பாருங்கள். வண்டியில் அடைத்து மிரட்டிக் கொண்டுவந்த ஆட்டின் கறி கருத்துப் போகும், எந்தக் கிடாவாக இருந்தாலும். இன்னொன்று, வெள்ளாட்டுக்கு முதுகுக் கொழுப்பை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அதற்குக் கொழுப்பு பெரும்பாலும் வயிற்றுக்குள்ளே குடலைச் சுற்றித்தான் சேரும்.

வாடிப்பட்டி ஆட்டுப்பட்டி:
ரொம்ப நன்றி டாக்டர், நன்றி அண்ணே. லீனியர் புரோப் வைத்திருக்கிற டாக்டரைப் பிடித்துவிட்டேன். பிறக்கிற குட்டிகளுக்கும் அதே இடத்தில் அளந்து எழுதி வைக்கலாமா?

மேலூர் கால்நடை மருத்துவர்:
கண்டிப்பாக. எல்லாக் குட்டிக்கும் ஒரே வயதில் அளந்து, தகப்பன் எது என்று பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.